வெளிநாடு போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: துண்டு யார் கையில்?

(தாம்பரத்தில் ஞாயிறு மாலை நடைபெற்ற தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தின் பொருள் போனஸ் அல்ல, பஞ்சப்படி அல்ல. "வெளிநாடு போகலாமா?" என்பதுதான். இது தொழிலாளர் கூட்டத்தில் பேசும் விஷயமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். எங்கள் அனுபவம் பேச வேண்டும் என்று சொல்கிறது.

முன்பெல்லாம் எங்களைத் தேடி வருகிறவர்கள் மெமோவைக் கொண்டு வருவார்கள், வேலைநீக்க உத்தரவைக் கொண்டு வருவார்கள், பி.எப். கணக்கைக் கொண்டு வருவார்கள். இப்போது பாஸ்போர்ட்டைக் கொண்டு வருகிறார்கள். பெருங்களத்தூரிலிருந்து வெல்டர் ஒருவர் வருகிறார். அவருக்கு அபுதாபியில் வேலை என்று ஏஜெண்டு சொல்லியிருக்கிறான். சேலையூரிலிருந்து நர்ஸ் தங்கை ஒருவர் வருகிறார்; அவர் ஜெர்மன் மொழி படிக்கிறார். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி வருகிறார். அவருக்குக் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற வேண்டும். மூவரின் கேள்வியும் ஒன்றுதான்: "போகலாமா? எந்த வழியாகப் போனால் ஏமாறாமல் இருக்கலாம்?"

"போகாதே" என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. கூலி அதிகம் கிடைக்கும் இடத்தைத் தேடி உழைப்பாளி போவது குற்றமல்ல. நமது ஊரே அப்படி வந்தவர்களால் ஆன ஊர்தானே! செங்கற்பட்டு, வட ஆற்காடு, தென்னாற்காடு கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பல்லாவரத்துத் தோல் ஷெட்டுகளில் நின்றார்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் தொழிற்சாலையினால்தான். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ரயில்வேக்காரரும் குமாஸ்தாவும் இங்கே வீடு கட்டினார்கள். 1984-ல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அதன் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

ஆனால், இன்று நமது பிள்ளைகள் ஏன் விமான நிலைய வாசலில் நிற்கிறார்கள்? மறைமலை நகரில் போர்டு கார் தொழிற்சாலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது நினைவிருக்கும். நாற்பது வயதில், கையில் தொழில் இருந்தும் வேலை இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டது. புதிதாகக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் காண்டிராக்டு வேலை. பதினொரு மாதம், பிறகு மறுபடியும் புதுச் சீட்டு. இங்கே நிரந்தரம் கிடைக்காதவன் அங்கே நிரந்தரம் தேடுகிறான். இதுதான் உண்மை. இதை மறைத்துவிட்டு, "நாட்டை விட்டுப் போகிறார்களே" என்று இளைஞர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

பழைய கதை

நமது ரயில் நிலையத்தின் வழியாகத்தான் ஒரு காலத்தில் "போட் மெயில்" போயிற்று. எழும்பூரில் புறப்பட்டுத் தனுஷ்கோடி வரை ரயில்; அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1914 முதல், 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை இந்த வழி இருந்தது. சீமான்கள் முதல் வகுப்பில் போனார்கள். திருச்சி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களின் ஏழை ஜனங்கள் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனை முடிந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அவர்களைக் கூட்டிப் போனவன் கங்காணி. அவன் கிராமத்திற்கு வருவான். பட்டுத் துண்டும் கைக்கடியாரமுமாக வருவான். கடனை அடைக்க முன்பணம் கொடுப்பான். வழிச் செலவுக்குக் கொடுப்பான். கொடுத்ததையெல்லாம் கணக்கில் எழுதுவான். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடன்காரன். வேறு தோட்டத்திற்குப் போக வேண்டுமானால், "இவன் கடன் தீர்ந்தது" என்று ஒரு காகிதம் வேண்டும். அதற்குத் "துண்டு" என்று பெயர். துண்டு இல்லாதவனை வேறு துரை வேலைக்கு எடுக்க மாட்டான். காலில் விலங்கு இல்லை. ஆனால் ஒரு சிறு காகிதம் மனிதனைக் கட்டிப் போட்டது. 1921-ல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

தோழர்களே, இந்தத் துண்டை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாங்கள் சொல்லப் போவது எல்லாம் அதைப் பற்றித்தான். வெளிநாட்டு வேலை என்றால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: துண்டு யார் கையில் இருக்கும்? முதலாளி கையிலா, உங்கள் கையிலா?

தற்காலிக வேலை என்னும் வாசல்

வெளிநாடு போக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று தற்காலிகத் தொழிலாளியின் வாசல். இன்னொன்று நிரந்தரவாசியின் வாசல். ஏஜெண்டுகள் இரண்டையும் குழப்பிப் பேசுவார்கள். "முதலில் போங்கள் சார், பிறகு நிரந்தரம் ஆகிவிடும்" என்பார்கள். சில நாடுகளில் ஆகும். சில நாடுகளில் பேரப்பிள்ளை எடுக்கும் வயது வரை உழைத்தாலும் ஆகாது.

அரபு வளைகுடா நாடுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே "கபாலா" என்ற முறை. தொழிலாளி அந்த நாட்டில் இருப்பதற்கே ஒரு முதலாளி பொறுப்பாளியாக இருக்க வேண்டும். வேலை மாறுவதற்கு அவனுடைய ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அன்றையத் துண்டுக்கும் இந்தக் கடிதத்திற்கும் என்ன வித்தியாசம்? மொழிதான் வித்தியாசம்!

மாறுதல் இல்லாமல் இல்லை. உலகக் கால்பந்துப் போட்டிக்காக மைதானங்கள் எழும்பிய கத்தாரில், உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பேரில், 2020-ல் சட்டம் மாற்றப்பட்டது. கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்றும், எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் என்றும் வந்தது. சவுதியிலும் 2021 முதல் சில தளர்வுகள் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் சட்டத்தை அமல் செய்யச் சொல்லிக் கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? சவுதியிலும் எமிரேட்டுகளிலும் தொழிற்சங்கத்திற்கே சட்டப்படி இடமில்லை.

குவைத்தில் 2024 ஜூன் 12-ந் தேதி அதிகாலையில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் குடியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. 45 இந்தியரின் உடல்கள் விமானப் படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். சம்பளத்தைக் கேட்கிறோம், படுக்கும் இடத்தைக் கேட்கிறோமா? ஒரு அறையில் எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று யாராவது ஒப்பந்தத்தில் பார்க்கிறோமா?

சிங்கப்பூர் நமக்கு மிக நெருங்கிய ஊர். அங்கே தமிழுக்கு ஆட்சிமொழி அந்தஸ்து உண்டு. ஆனால் கட்டுமானத்திற்கும் கப்பல் பட்டறைக்கும் "ஒர்க் பெர்மிட்"டில் போகிறவருக்கு நிரந்தரவாசம் கேட்கும் உரிமை இல்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. அந்நாட்டுக் குடிமகளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடச் சர்க்காரின் அனுமதி வேண்டும். 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது, விடுதிகளில் நெருக்கியடித்துக் கிடந்த தொழிலாளர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேரை அது தொற்றியது. அதே சிங்கப்பூரில், பட்டப்படிப்போடு உயர்ந்த சம்பள அனுமதியில் போகிறவர் குடும்பத்தோடு இருக்கலாம். நிரந்தரவாசத்திற்கும் மனுப் போடலாம். ஒரே ஊர், ஒரே தமிழன். சீட்டின் நிறம் மாறினால் மனிதனின் மதிப்பே மாறுகிறது. இதைத்தான் வர்க்கம் என்கிறோம்.

"இதெல்லாம் கொத்தனாருக்கும் வெல்டருக்கும்தானே!" என்று சோழிங்கநல்லூர்த் தம்பி நினைக்கலாம். அமெரிக்க ஹெச்-1பி என்ன? அதுவும் தற்காலிகச் சீட்டுத்தான். மூன்று ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு. மனுப் போடுகிறவன் முதலாளி. வேலை போனால் 60 நாளைக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நிரந்தர அட்டைக்கு ஒரு நாட்டில் பிறந்தவருக்கு 7 சதவிகிதத்திற்கு மேல் இல்லை என்ற வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல்லாண்டு நீளுகிறது. காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பெற்றோரின் சீட்டில் அந்தப் பிள்ளைக்கு இடம் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த நாட்டு ஜனாதிபதி ஓர் இரவில் அறிவித்தார். சம்பளம் பெரிதுதான். துண்டு முதலாளி கையில்தான்.

கனடாவிலும் ஒரே முதலாளியிடம் மட்டும் வேலை செய்யும் தற்காலிகச் சீட்டு உண்டு. இந்தத் திட்டம் இக்கால அடிமை முறைகள் முளைக்கும் நாற்றங்காலாக இருக்கிறது என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் 2023-ல் சொன்னார். ஆகவே, நாடு பணக்கார நாடு என்பதனால் சீட்டு நல்ல சீட்டு ஆகிவிடாது.

நிரந்தரவாசம் என்னும் வாசல்

இரண்டாவது வாசலுக்கு வருவோம். கனடா 2015 முதல் "எக்ஸ்பிரஸ் என்ட்ரி" என்ற முறையை நடத்துகிறது. வயது, படிப்பு, மொழித் தேர்ச்சி, வேலை அனுபவம் இவற்றிற்கு மதிப்பெண். இருபதுகளில் வயதுக்கு முழு மதிப்பெண், முப்பதிலிருந்து குறையும், நாற்பத்தைந்தில் ஒன்றுமில்லை. வேலை உத்தரவுக்குக் கொடுத்துவந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆகவே, "கனடாவில் வேலை உத்தரவு வாங்கித் தருகிறேன், அதனால் மதிப்பெண் கூடும், பத்து லட்சம் கொடு" என்று இன்றும் சொல்கிறவன் பொய் சொல்கிறான். அந்த உத்தரவை விலைக்கு விற்பது அங்கே குற்றம்.

ஆஸ்திரேலியாவிலும் மதிப்பெண் முறைதான். 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 மதிப்பெண் வேண்டும். அதற்கு மேலும் போட்டி உண்டு. ஜெர்மனியில் 2024 ஜூன் முதல் வேலை தேடிப் போவதற்கென்றே ஒரு "வாய்ப்பு அட்டை" இருக்கிறது. அந்த நாடு இந்தியத் திறன் தொழிலாளருக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசாவை 90,000 வரை உயர்த்துவதாக 2024-ல் அறிவித்தது. தகுதி அங்கீகரிக்கப்பட்ட தொழிலாளி, மற்ற நிபந்தனைகளும் நிறைவேறினால், மூன்று ஆண்டில் நிரந்தரவாசம் கேட்கலாம். ஆனால் மொழி படிக்காமல் நர்ஸ் தங்கை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முடியாது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து படிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

இந்த வாசலில் ஏஜெண்டுக்கு வேலை மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். மனு சர்க்காருக்கு நேரே போகிறது. கட்டணம் சர்க்காருக்கு நேரே போகிறது. மொழித் தேர்வை நீங்கள்தான் எழுத வேண்டும். அப்படியிருக்க, லட்சக் கணக்கில் எதற்குக் கொடுப்பது?

நிரந்தரவாசியின் பெரும் பலன் என்ன? முதலாளி "போ" என்றால் வேலைதான் போகும், நாடு போகாது. வேலை மாறலாம், சங்கத்தில் சேர்ந்து சண்டை போடலாம். துண்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் இதையும் தெய்வ வாக்காக நினைக்க வேண்டாம். கனடாவில் ஐந்தாண்டில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும்; இல்லையேல் நிரந்தரவாசம் ஆட்டம் காணும். பிரிட்டன் ஐந்தாண்டில் கொடுத்துவந்த நிரந்தரவாசத்தைப் பத்தாண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாதத்தில் அறிவித்தது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அதே ஆண்டு ஜூலையில் நிறுத்தியது. வீட்டை விற்று அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டியவர்களின் கதி என்ன ஆகும்?

இங்கேதான் பழைய கதை திரும்ப வருகிறது. இலங்கைத் தோட்டங்களில் நமது ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே புதைந்தார்கள். 1948-ல் அந்நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரையாவது கேட்டார்களா? பாட்டன் மண்டபம் வழியாகப் போனான். பேரன் மண்டபம் வழியாகத் திரும்பி வந்தான். பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் கிள்ளினார்கள். எத்தனை காலம் வாழ்ந்தோம் என்பது கணக்கல்ல. கையில் என்ன உரிமை இருந்தது என்பதே கணக்கு. ஓட்டு இல்லாத வாசம் நிரந்தர வாசம் ஆகாது. ஆகவே நிரந்தரவாசம் பெற்றவர் அதோடு நிற்காமல், குடியுரிமையின் நன்மை தீமைகளையும் காலத்தோடு யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இரும்புலியூர்த் தோழரின் கணக்கு

இனி, நமது வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவர் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

இரும்புலியூர்த் தோழர் நல்ல பிட்டர். காண்டிராக்டு வேலை முடிந்து நாலு மாதம் சும்மா இருந்தார். ஓர் ஏஜெண்டு துபாயில் மாதம் 1,500 திர்ஹாம் என்றான். 1,60,000 ரூபாய் கேட்டான். மனைவியின் நகை பாதி, மூன்று வட்டிக்குக் கடன் பாதி என்று பேச்சு. கடைசியில் நகையும் வட்டிக்கடையில்தான் போய்ச் சேர்ந்தது. ஆக முழுப் பணத்திற்கும் வட்டி; மாதம் 4,800 ரூபாய். "முதலில் விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றான் ஏஜெண்டு. போய் இறங்கினார். பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் பூட்டினார்கள். கொடுத்தது 900 திர்ஹாம். சாப்பாட்டிற்கு 300 போக, ஊருக்கு அனுப்பியது ஏறக்குறைய 13,000 ரூபாய். அதில் வட்டி 4,800. மீதி 8,000 சொச்சத்தில் இங்கே வாடகை, பள்ளிக்கூடம், அம்மாவின் மருந்து. முதலில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஏழாம் மாதம் படுக்கையில் விழுந்து, எப்படியோ திரும்பி வந்தார்.

அவருடைய தவறு என்ன என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் எங்கள் தவறைக் கேட்டுக்கொள்கிறோம். அவர் போகும் முன் எங்களிடம் வரவில்லை. வந்திருந்தாலும், அன்று எங்களுக்கு இந்தச் சட்டங்களில் ஒன்றும் தெரியாது. வேலைநிறுத்தம் செய்யக் கற்றுக் கொடுத்தோம். வேலை ஒப்பந்தத்தை வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. இது எங்கள் சுயவிமர்சனம். அதனால்தான் இந்தக் கூட்டம்.

இப்போது சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 1983-ம் ஆண்டு குடிபெயர்வோர் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஏஜெண்டுதான் ஆள் எடுக்கலாம். அவன் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவிகித வரியோடு 35,400. தோழர் கொடுத்தது அதைப் போல் நாலரை மடங்கு! பத்தாவது தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அப்படிப் போகிறவருக்கு இன்ஷூரன்சு கட்டாயம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்திற்கு 10 லட்சம். விசிட் விசாவில் அனுப்புவது எதற்காக? இந்தப் பாதுகாப்புகள் எல்லாவற்றையும் ஒரே தாவலில் தாண்டுவதற்காக! விசிட் விசாவில் போனவர் அங்கே வேலை செய்வதே சட்டவிரோதம். பிறகு எந்த வாயால் புகார் சொல்வார்?

இதைவிடக் கொடியதும் நடந்தது. கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து என்று சொல்லி இளைஞர்களை அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் அப்படி மீண்டு வந்தவர்களில் 13 பேர் தமிழ்நாட்டு இளைஞர்கள். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

ஆகவே தோழர்களே, ஐந்து கேள்விகளை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஒன்று: ஏஜெண்டு பதிவு பெற்றவனா? மத்திய சர்க்காரின் "இ-மைக்ரேட்" இணையத்தளத்தில் பதிவு பெற்றவர் பட்டியல் இருக்கிறது. பதிவில்லாதவர் மீது வந்த புகார்ப் பட்டியலும் இருக்கிறது. பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு: விசா எந்த வேலைக்கு, எந்த முதலாளிக்கு? அதில் எழுதியதும் ஏஜெண்டு வாயால் சொன்னதும் ஒன்றுதானா?

மூன்று: வேலை மாற உரிமை உண்டா? அதாவது, துண்டு யார் கையில்?

நாலு: மொத்தச் செலவு என்ன, வட்டி என்ன, எத்தனை மாதத்தில் முதல் அடைபடும்? ஒரு வருஷத்தில் அடைபடாத கடனோடு விமானம் ஏறாதீர்கள். கடன்தான் இன்றையக் கங்காணி.

ஐந்து: இந்தச் சீட்டு நிரந்தரவாசத்திற்குப் போகுமா, போகாதா? போகாது என்றால், திரும்பி வரும் தேதியையும் திரும்பி வந்து செய்யும் தொழிலையும் இன்றே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். பத்து ஆண்டு கழித்து முழங்கால் வலியோடு வந்து யோசிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட் இந்திய சர்க்காரின் சொத்து. அதை முதலாளி பூட்டி வைக்க எந்த நியாயமும் இல்லை. அதன் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. மின்சார ரயிலில் அரை மணி நேரம். வழிப்பறி ஏஜெண்டைப் பார்க்கும் முன் அங்கே ஒரு நடை போய் வாருங்கள். சங்கடம் வந்தால் "மதத்" இணையத்தளத்தில் புகார் பதியலாம். தூதரகங்களில் 2009 முதல் ஒரு நலநிதி இருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை, பிச்சை அல்ல. சங்கம் அனுமதிக்கப்பட்ட நாட்டில் இறங்கினால், முதல் சம்பளத்திலேயே சங்கச் சந்தா கட்டுங்கள். தஞ்சை ஜில்லாவில் பிறந்து மலேயா போன எஸ்.ஏ. கணபதி அங்கே அகில மலேயத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4-ந் தேதி பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலிட்டனர். சங்கம் என்ற சொல்லுக்கு நமது ஜனங்கள் கடல் கடந்தும் கொடுத்த விலை அது.

நமது தெருவில் இருக்கும் வெளியூரார்

முடிக்கும் முன் மனதை உறுத்தும் ஒரு விஷயம். துபாயில் நமது பிள்ளையை ஒரு அறையில் பத்துப் பேரோடு அடைத்தான் என்று கொதிக்கிறோம். நியாயம். பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் கேளம்பாக்கத்திலும் தகரக் கொட்டகையில் கிடக்கும் பீகார், ஒரிசா, அசாம் தொழிலாளிகளைப் பற்றி என்ன நினைக்கிறோம்? மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நமது கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். மங்காப்பில் மாண்டவருக்கும் மவுலிவாக்கத்தில் மாண்டவருக்கும் வித்தியாசம் உண்டா? அவர்களையும் ஒரு கங்காணி கூட்டி வந்தான்; அவர்களுக்கும் ஊரில் கடன் இருந்தது.

"இந்திக்காரன் வந்து கூலியைக் குறைத்துவிட்டான்" என்று டீக்கடையில் பேசுகிறோம். இதே பேச்சைத்தான் சிங்கப்பூரிலும் கனடாவிலும் நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். கூலியைக் குறைப்பவன் வந்தவன் அல்ல. அவனுடைய துண்டைக் கையில் வைத்திருப்பவன். அவனைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டால் கூலி உயரும். ஒதுக்கினால் இருவருக்கும் குறையும். இது அனுதாபம் அல்ல தோழர்களே, கணக்கு.

நமது கோரிக்கைகள் எளியவை. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. முதலாளியே ஏற்க வேண்டும். இந்தக் கொள்கையைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1997-லேயே ஒப்பந்தமாக வகுத்தது. 1983-ம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகப் புதிய மசோதாவின் நகல் ஒன்றை மத்திய சர்க்கார் 2025-ல் வெளியிட்டது. எந்தச் சட்டம் வந்தாலும் அதில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும். குடிபெயர்வோர் பாதுகாவலரின் அதிகாரிகள் மாதம் ஒரு நாளாவது தாம்பரம் வந்து ஜனங்களின் காகிதங்களைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இங்கே காண்டிராக்டு வேலையை நிரந்தரமாக்க வேண்டும். போகிறவன் விருப்பத்தினால் போக வேண்டும். நிர்ப்பந்தத்தினால் போகக் கூடாது.

சர்க்கார் செய்யும் வரை நாமும் சும்மா இருக்கப் போவதில்லை. அடுத்த ஞாயிறு முதல், ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எங்கள் இரும்புலியூர்த் தோழர். வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்துப் போடும் முன் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெருங்களத்தூர் வெல்டர் தோழரே, உங்கள் காகிதத்தைப் பார்த்தோம். அதில் "விசிட்" என்று எழுதியிருக்கிறது. பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்கிறீர்கள். கொடுக்காதீர்கள். ஞாயிறன்று வாருங்கள், சரியான வழியைச் சேர்ந்து தேடுவோம்.